டெக் திண்ணை: ஆலைக் கணினியில் காணாமல் போன மூன்றரை மணி நேரம்... எங்கே தேடுவது?

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் வழியில், கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது கச்சிராயப்பாளையம். மலையில் பெய்யும் மழை ஓடை ஓடையாக இறங்கி கோமுகி அணையில் சேர்வது இங்கேதான். 46 அடி உயரம், 560 மில்லியன் கன அடி கொள்ளளவு என்று மழைக்காலச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் அணை அது. அதே ஊரில் கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலையும் இருக்கிறது. அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் சுற்றுவட்டாரச் சாலைகளில் கரும்பு ஏற்றிய வண்டிகள்தான் கண்ணில் படும்.

சர்க்கரை ஆலை என்றதும் கரும்பு, பாகு, வெல்லப்பாகுக் கழிவு, சர்க்கரை மூட்டை என்றுதான் மனசில் ஓடும். இன்றைய ஆலைகளில் இன்னொன்றும் இரவும் பகலும் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது. அதன் பெயர் டேட்டா. பாய்லரின் அழுத்தம் எவ்வளவு, புகைபோக்கியில் தூசு எவ்வளவு, வெளியேறும் கழிவுநீரின் அமிலத்தன்மை எவ்வளவு என்று கருவிகள் நொடிக்கு நொடி அளந்து கணினியிடம் சொல்கின்றன. கணினி அவற்றைத் தேதி, நேரத்தோடு எழுதி வைக்கிறது. இப்படி எழுதி வைக்கும் வேலைக்குத்தான் 'டேட்டா ஆர்க்கைவ்' என்று பெயர். அதைச் செய்யும் சாஃப்ட்வேரை ஆலைகளில் 'ஹிஸ்டாரியன்' என்பார்கள். தமிழில் சொன்னால் ஆலையின் கணக்குப்பிள்ளை.

இந்தக் கணக்குப்பிள்ளை சில நாள் தூங்கிவிடுவார். காலை ஷிஃப்டுக்கு வந்தவர் கணினியைத் திறந்து பார்த்தால், நள்ளிரவு 2.10 மணியிலிருந்து 5.40 வரை கிராஃபில் கோடே இருக்காது. ஆலை ஓடியது, பாய்லர் எரிந்தது, தண்ணீர் வெளியேறியது. பதிவு மட்டும் இல்லை. எந்த ஊர் ஆலையிலும், எந்த கம்பெனி சாஃப்ட்வேரிலும் நடக்கக்கூடியதுதான் இது. அப்போது என்ன செய்ய வேண்டும்? அதைவிட முக்கியமாக, என்ன செய்யக் கூடாது?

ஒரு மணி நேரப் பதிவு போனால் என்ன?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரி 5-ம் தேதி எல்லா மாநில வாரியங்களுக்கும் ஓர் உத்தரவு அனுப்பியது. அதிக மாசு உண்டாக்கக்கூடியவை என்று பட்டியலிடப்பட்ட 17 வகைத் தொழிற்சாலைகள், புகையையும் கழிவுநீரையும் இடைவிடாமல் அளக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டும். அளவுகள் மனிதக் கை படாமல் நேராக வாரியங்களின் சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். சர்க்கரை, சாராய வடிப்பு, காகிதம், சிமென்ட், அனல் மின் நிலையம், தோல் பதனிடுதல் ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன.

2017 பிப்ரவரி 22-ம் தேதி உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில், இத்தகைய நேரடிக் கண்காணிப்பு அளவுகளை மாநில வாரியங்கள் தங்கள் இணையதளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கிண்டி தலைமையகத்தில் இப்படி வரும் அளவுகளைக் கவனிக்கும் மையம் இயங்குகிறது.

ஆக, ஆலைக்குள் ஒரு கணினி எழுதும் பதிவு ஆலையின் சொந்த விஷயம் மட்டும் அல்ல. கீழ்ப்புறத்தில் கிணறு வைத்திருக்கும் விவசாயி, "நேற்று ராத்திரி தண்ணி நிறம் மாறி வந்துச்சே" என்று கேட்டால், அவருக்குச் சாட்சி அந்தப் பதிவு. "எங்க ஆலையிலிருந்து போகலைங்க" என்று சொல்லும் ஊழியருக்கும் சாட்சி அதே பதிவுதான். பதிவு இல்லாத மூன்றரை மணி நேரத்தில் இருவர் பேச்சும் வெறும் பேச்சாகிவிடும்.

பூஜ்யம் வேறு, வெற்றிடம் வேறு

பால் சொசைட்டி அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கட்டத்தில் '0' என்று எழுதியிருந்தால், அன்றைக்குப் பால் ஊற்றவில்லை என்று பொருள். கட்டம் காலியாக இருந்தால், ஊற்றினார்களா இல்லையா என்று தெரியாது. எழுத மறந்திருக்கலாம். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கணக்குப் போட்டால் மாடு வைத்திருப்பவருக்குத்தான் நஷ்டம்.

ஆலைக் கருவிகளைச் செய்தவர்கள் இந்த வித்தியாசத்தை ரொம்ப காலத்துக்கு முன்பே யோசித்துவிட்டார்கள். சென்சார்கள் தங்கள் அளவை மின்னோட்டமாக மாற்றி ஒயரில் அனுப்புகின்றன. அது 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை இருக்கும். ஏன் 0-வில் தொடங்காமல் 4-ல் தொடங்குகிறது? அளவு பூஜ்யம் என்றால் 4 மில்லி ஆம்பியர் வரும். ஒயரே அறுந்துபோனால் 0 வரும். "ஒன்றும் இல்லை" என்பதையும் "எனக்குத் தெரியவில்லை" என்பதையும் ஒயரே பிரித்துச் சொல்லிவிடுகிறது.

இவ்வளவு கவனமாக ஒயர் சொன்னதை, சாஃப்ட்வேரில் எங்கோ ஓரிடத்தில் "மதிப்பு வரவில்லை என்றால் 0 என்று எழுது" என்றோ, "கடைசி மதிப்பையே திரும்ப எழுது" என்றோ அமைத்துவிட்டால் அத்தனையும் வீண். காலியிடம் கண்ணுக்குத் தெரியும், யாராவது கேள்வி கேட்பார்கள். பொய்யான எண்ணை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கு. 2005 டிசம்பர் 10 மாலை, அங்கே 912 என்ற எண் கொண்ட தொட்டியில் பெட்ரோல் ஏறத் தொடங்கியது. மறுநாள் அதிகாலை சுமார் 3 மணிக்கு மட்டத்தைக் காட்டும் கருவி சிக்கிக்கொண்டது. உள்ளே பெட்ரோல் ஏறிக்கொண்டே இருந்தது. கணினித் திரையில் மட்டம் அசையவில்லை. நிரம்பினால் தானாக நிறுத்த வேண்டிய இன்னொரு சுவிட்சும் வேலை செய்யவில்லை. தொட்டி வழிந்து, காலை 6.01 மணிக்கு வெடித்தது. 40-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை என்பதால் அந்தப் பகுதியில் ஆட்கள் குறைவு, உயிர்ச்சேதம் இல்லை. திரையில் அன்று வெற்றிடம் வரவில்லை. அழகான ஒரு நேர்க்கோடு வந்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

முதல் வேலை: கையைக் கட்டிக்கொள்வது

பதிவு நின்றிருப்பது தெரிந்ததும் பெரும்பாலானோர் செய்வது, கணினியை ரீஸ்டார்ட் செய்வது. பல நேரம் பதிவு மறுபடியும் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் ஏன் நின்றது என்று சொல்லக்கூடிய தடயமும் அதோடு போய்விடும். தற்காலிக நினைவகத்தில் காத்திருந்த பதிவுகளும் போகலாம்.

அதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி மூன்று காரியங்கள் செய்யலாம். திரையைப் படம் எடுங்கள், கணினியின் கடிகாரம் அதில் தெரிய வேண்டும். சாஃப்ட்வேரின் லாக் ஃபைலையும், விண்டோஸின் 'ஈவென்ட் வியூவர்' பதிவையும் வேறு இடத்தில் நகல் எடுங்கள். கடைசியாகப் பதிவான நேரம், மறுபடி தொடங்கிய நேரம் இரண்டையும் ஷிஃப்ட் நோட்டில் பேனாவால் எழுதுங்கள். எந்த ஃபைலையும் அழிக்காதீர்கள். "இடம் பத்தலை, பழசைத் தூக்கிடலாம்" என்ற யோசனை வந்தால், அதை மறுநாளைக்குத் தள்ளிப்போடுங்கள்.

எந்தக் கண்ணி அறுந்தது?

டேட்டா நான்கு கை மாறி வருகிறது. அளக்கும் சென்சார் முதலாவது. அதனிடம் கேட்டு வாங்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கருவி இரண்டாவது. எழுதி வைக்கும் ஆர்க்கைவ் கணினி மூன்றாவது. வாரியத்துக்கோ தலைமை அலுவலகத்துக்கோ அனுப்பும் இணைப்பு நான்காவது. எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது.

கட்டுப்பாட்டு அறைத் திரையில் இப்போதைய அளவு மாறிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். திரையில் எண் ஓடுகிறது, பழைய பதிவு மட்டும் இல்லை என்றால், முதல் இரண்டு கண்ணிகள் நலம். கோளாறு எழுதும் இடத்தில். திரையிலேயே எண் உறைந்திருந்தால், சென்சாரையும் ஒயரையும் பி.எல்.சி-யையும் பார்க்க வேண்டும். ஆலைக் கணினியில் பதிவு முழுசாக இருக்கிறது, வாரிய இணையதளத்தில் மட்டும் காலி என்றால், அறுந்தது நான்காவது கண்ணி.

ஒரே ஒரு சென்சாருக்கு மட்டும் பதிவு இல்லையா, எல்லாவற்றுக்குமே இல்லையா என்பது அடுத்த கேள்வி. ஒன்று மட்டும் என்றால் அந்தக் கருவியோ, கணினியில் அதற்குக் கொடுத்திருக்கும் பெயரோ காரணம். சாஃப்ட்வேரில் பெயரை மாற்றினால் சில நேரம் பழைய பதிவு பழைய பெயரில் தனியாகவே தங்கிவிடும். தொலைந்ததாக நினைத்தது பக்கத்து அறையில் இருக்கும். எல்லாமே ஒரே நேரத்தில் நின்றிருந்தால், கணினிக்கோ மின்சாரத்துக்கோ நெட்வொர்க்குக்கோதான் ஏதோ ஆகியிருக்கிறது.

எழுதும் இடத்தில் கோளாறு என்று தெரிந்துவிட்டால், வழக்கமான குற்றவாளிகள் இவர்கள்தான்.

1. இடம் தீர்ந்துபோவது

ஹார்ட் டிஸ்க் நிரம்புவது எல்லோருக்கும் தெரிந்த காரணம். தெரியாத காரணம் ஒன்று உண்டு. டிஸ்கில் 400 ஜிபி காலியாக இருக்கும், ஆனாலும் பதிவு நின்றிருக்கும். பல கண்காணிப்பு சாஃப்ட்வேர்கள் பின்னணியில் மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸான 'எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ்'-ஐப் பயன்படுத்துகின்றன. 2008 ஆர்2 முதல் 2022 வரையிலான அதன் பதிப்புகளில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளர முடியாது. அதற்கு முந்தைய 2005, 2008 பதிப்புகளில் 4 ஜிபிதான்.

ஒரு சின்னக் கணக்கு. 200 அளவுகளை நொடிக்கு ஒருமுறை எழுதினால், ஒரு நாளைக்கு 1 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் பதிவுகள். ஒரு பதிவுக்கு 20 பைட் என்று வைத்தாலே தினமும் சுமார் 345 எம்பி. 10 ஜிபி ஒரே மாதத்தில் தீர்ந்துவிடும். 10 நொடிக்கு ஒருமுறை எழுதினால் பத்து மாதம் தாக்குப்பிடிக்கும். "போன வருஷம் முழுக்க நல்லாத்தானே ஓடுச்சு, இப்போ திடீர்னு ஏன்?" என்ற கேள்விக்குப் பல இடங்களில் பதில் இந்தக் கணக்குதான்.

2. கடிகாரம் தப்பாக ஓடுவது

ஆர்க்கைவுக்கு எண் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் நேரம். கணினியின் மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அரவை முடிந்து மாதக்கணக்கில் கணினியை அணைத்து வைக்கும் ஆலையில், பருவம் தொடங்கும்போது அந்த பேட்டரி செத்திருக்கலாம். கணினி பல வருடம் பின்னால் போய் எழுந்திருக்கும். பதிவெல்லாம் அந்தப் பழைய தேதியில் போய் உட்காரும். இன்றைய தேதியைத் திறந்தால் காலி.

முன்னால் ஓடினாலும் தொல்லைதான். நாளைய தேதியோடு வரும் பதிவைப் பல சாஃப்ட்வேர்கள் ஏற்பதில்லை. சில ஏற்றுக்கொண்டு, அதன்பின் சரியான நேரத்தோடு வருவதை "இது பழசு" என்று ஒதுக்கிவிடுகின்றன.

பதிவு எல்லாம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளியிருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு கணினி உலகப் பொது நேரத்திலும், இன்னொன்று இந்திய நேரத்திலும் ஓடுகின்றன. காலை 8 மணிப் பதிவு பின்னிரவு 2.30-ல் இருக்கும். ஒவ்வொரு மாதமும் 12-ம் தேதி வரை பதிவு குழம்பி, 13-ம் தேதி முதல் பிழை என்று வந்தால், ஒரு கணினி தேதியை முதலில் எழுதுகிறது, மற்றது அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் எழுதுகிறது. 13-வது மாதம் கிடையாதே!

கடிகாரம் சின்ன விஷயம் அல்ல. 2003 ஆகஸ்ட் 14-ம் தேதி அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். எந்த லைன் முதலில் விழுந்தது என்று வரிசைப்படுத்துவது விசாரணைக் குழுவுக்குப் பெரும்பாடு ஆனது. ஆயிரக்கணக்கான பதிவுகள் கைவசம் இருந்தன, ஆனால் பல நிலையங்களின் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை. பதிவுக் கருவிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்பது அந்தக் குழுவின் பரிந்துரைகளில் ஒன்று. நம் நாட்டிலும், 2022 ஏப்ரல் 28-ல் சி.இ.ஆர்.டி.-இன் அமைப்பு வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினிக் கடிகாரங்களை தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு இணைக்கச் சொல்கிறது.

3. சாவி மாறிப்போவது

ஆர்க்கைவ் சாஃப்ட்வேர் விண்டோஸில் ஒரு 'சர்வீஸ்' ஆக, யாரோ ஒருவருடைய பயனர் பெயரில் ஓடும். அந்தப் பெயருக்கான பாஸ்வேர்டை மாற்றினாலோ, அது காலாவதி ஆனாலோ, உடனே எதுவும் ஆகாது. இரண்டு வாரம் கழித்து விண்டோஸ் அப்டேட் நள்ளிரவில் கணினியை ரீஸ்டார்ட் செய்யும்போது சர்வீஸ் எழுந்திருக்காது. பாஸ்வேர்டு மாற்றியதை அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள். ஆன்டிவைரஸும் இப்படித்தான். எழுதிக்கொண்டிருக்கும் ஆர்க்கைவ் ஃபைலை அது சோதிக்கப் பிடித்துக்கொண்டால் பதிவு நிற்கும். சாஃப்ட்வேர் கம்பெனியின் வழிகாட்டியைப் பார்த்து அந்த ஃபோல்டருக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வேண்டும். ஆன்டிவைரஸையே எடுத்துவிடுவது தீர்வு இல்லை.

4. இடையில் கிணறு இல்லாமல் போவது

மலையடிவாரத்தில் இடி, மின்னல், மின்தடை, சிக்னல் போவது எல்லாம் புதிதல்ல. அதனால் நல்ல அமைப்புகளில் 'பஃபர்' இருக்கும். இணைப்பு போனால் பதிவைத் தன்னிடம் தேக்கி வைத்து, வந்ததும் வரிசையாக அனுப்பிவிடும். ஊருக்கு நடுவே இருக்கும் தண்ணீர்த் தொட்டி போல. பஃபரை நிறுவாமல் விட்டிருக்கலாம். நிறுவியும் அதன் கொள்ளளவு ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்று இருக்கலாம். மூன்றரை மணி நேரம் லைன் போனால், எஞ்சியது எங்கே போகும்? இணைப்பு திரும்பிய பிறகும் பஃபர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். பொறுமையாக ஒரு மணி நேரம் காத்திருந்தால், காணாமல் போனதாக நினைத்த பதிவு தானாக வந்து நிரம்புவதும் உண்டு.

5. கோளாறே இல்லாமல் இருப்பது

இடத்தை மிச்சப்படுத்த, ஹிஸ்டாரியன்கள் எல்லா எண்ணையும் எழுதுவதில்லை. அளவு குறிப்பிட்ட எல்லைக்கு மேல் மாறினால் மட்டுமே எழுதும்படி அமைப்பார்கள். தொட்டியின் மட்டம் இரவு முழுக்க மாறவில்லை என்றால், இரண்டே பதிவுதான் இருக்கும். அது பிழை அல்ல. ஆனால் எல்லையை ரொம்பப் பெரிதாக வைத்துவிட்டால், நிஜமாக நடந்த சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் எல்லாம் நேர்க்கோடாகிவிடும். பன்ஸ்ஃபீல்டின் நேர்க்கோடு ஞாபகம் இருக்கிறதா? அமைதியான தொட்டிக்கும் சிக்கிய கருவிக்கும் கிராஃபில் ஒரே முகம்தான். ஓடும் கழிவுநீரின் அளவு மணிக்கணக்கில் தசமப் புள்ளிகூட மாறாமல் இருந்தால், போய்க் கருவியைப் பார்த்துவிடுவதே நல்லது.

காலியை நிரப்பலாமா?

காரணம் தெரிந்தது, பதிவு மறுபடி ஓடுகிறது. ஆனால் அந்த மூன்றரை மணி நேரம் இன்னும் காலி. "முந்தாநாள் இதே நேரத்து எண்ணைக் காப்பி அடிச்சுப் போட்டுடலாம், யாருக்குத் தெரியப் போகுது?" என்று தோன்றுவது இங்கேதான். மேலதிகாரி கேட்பாரே என்ற பயத்திலும், மாத ரிப்போர்ட் அழகாக இருக்க வேண்டுமே என்ற நினைப்பிலும் வரும் யோசனை இது. மூன்றரை மணி நேரக் காலியிடம் ஒரு பழுது. அதே இடத்தில் ஒட்டிய பொய் எண் ஒரு மோசடி. அது தெரியவந்தால், மீதி 364 நாள் உண்மைப் பதிவையும் யாரும் நம்ப மாட்டார்கள். விவசாயியின் சாட்சியும் போச்சு, ஊழியரின் சாட்சியும் போச்சு.

நேர்மையான வழிகள் இருக்கின்றன. பி.எல்.சி-யிலோ சென்சாரின் சொந்த நினைவகத்திலோ அந்த நேரத்துப் பதிவு இருந்தால், அதைக் கொண்டுவந்து சேர்க்கலாம். பேக்கப்பிலிருந்து மீட்கலாம். ஷிஃப்ட் நோட்டில் கையால் எழுதிய அளவுகள் இருந்தால், 'கையால் பதிந்தது' என்ற குறிப்போடு தனியாக இணைக்கலாம். எதுவும் இல்லையென்றால் 'பதிவு இல்லை' என்று காரணத்தோடு விட்டுவிட வேண்டும். பெரும்பாலான ஹிஸ்டாரியன்களில் ஒவ்வோர் எண்ணோடும் 'நல்லது', 'சந்தேகம்', 'கெட்டது' என்று தரக் குறிப்பு வைக்க இடம் உண்டு. அந்த இடம் இதற்காகத்தான்.

சந்தேகத்துக்குரிய பதிவை அழிக்காமல் வைத்திருப்பதன் பலனுக்கு ஓசோன் ஓட்டையே சாட்சி. அன்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் மெலிவதை 1985 மே மாதம் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மூவர் 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோளும் அதே இடத்தை அளந்துகொண்டுதான் இருந்தது. 180 டாப்சன் அளவுக்குக் கீழே வந்த எண்களை அதன் சாஃப்ட்வேர் 'சந்தேகம்' என்று குறித்து வைத்தது. நம்ப முடியாத எண்கள்தான், ஆனால் அழிக்கப்படவில்லை. அதனால் நாசா விஞ்ஞானிகள் அவற்றை மீண்டும் ஆராய்ந்து, ஓட்டை ஒரு கண்டம் அளவுக்குப் பெரியது என்று வரைபடமாகவே காட்ட முடிந்தது. "தப்பான எண்" என்று யாராவது சுத்தம் செய்திருந்தால் அந்தப் படம் கிடைத்திருக்காது.

வருமுன் காக்க ஒரு சின்னப் பட்டியல்

கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்தும் அடிவாரத்து ஊர்களிலிருந்தும் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்து ஆலைகளின் கட்டுப்பாட்டு அறையில் வேலைக்குச் சேரும் இளைஞர்கள், இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

தினமும்: ஷிஃப்ட் தொடங்கியதும் நேற்றைய பதிவைத் திறந்து, காலியிடமோ அசையாத நேர்க்கோடோ இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

வாரம் ஒருமுறை: டிஸ்கில் மீதி இடம், டேட்டாபேஸின் அளவு இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். வாரத்துக்கு எவ்வளவு வளர்கிறது என்று தெரிந்தால், என்றைக்கு நிரம்பும் என்று நீங்களே சொல்லிவிடலாம். கணினிக் கடிகாரத்தை செல்போன் நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

மாதம் ஒருமுறை: பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி இருக்காதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை: மேலதிகாரியின் அனுமதியோடு நெட்வொர்க் ஒயரை பத்து நிமிடம் கழற்றிவிட்டு மாட்டுங்கள். அந்தப் பத்து நிமிடப் பதிவு பின்னால் வந்து சேர்ந்தால் பஃபர் உயிரோடு இருக்கிறது.

அரவைப் பருவம் தொடங்கும் முன்: பேட்டரி, தேதி, சர்வீஸ் பாஸ்வேர்டு, யு.பி.எஸ். நான்கையும் ஒருமுறை சோதியுங்கள். பாய்லருக்கு நெருப்பு மூட்டிய பிறகு இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் பதிவு நிற்கத்தான் செய்யும். அன்றைக்கு எத்தனை மணிக்கு நின்றது, ஏன் நின்றது, எப்போது சரியானது, யார் சரிசெய்தார் என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஊர்க்காரர் கேட்டாலும், அதிகாரி கேட்டாலும் எடுத்து நீட்டுவதற்கு அந்தத் தாள் போதும்.

(திண்ணையில் அடுத்த வாரம்: வீட்டு யு.பி.எஸ். பேட்டரி சீக்கிரம் சாவது ஏன்?)